புத்தகக் கட்டு கொடுப்பதற்கு முன்: பினாங்கு இந்திய அமைப்புகளின் கல்விப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் நிர்வாகங்களிலும் சங்கங்களிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் கல்விப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் செபராங் பிறையில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த சில வாரங்களிலேயே மண்டபம் எடுத்து, பிள்ளைகளை மேடையேற்றி, மாலை போட்டு, கையில் பணமுடிப்பும் புத்தகக் கட்டும் கொடுத்து அனுப்புகிறீர்கள். அதற்காக வேலை முடிந்து வந்து ராத்திரி வெகுநேரம் கூட்டம் போடுவதையும், நன்கொடை கேட்டு நகைக்கடை, மளிகைக்கடை, கிளினிக் என்று ஏறி இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் மேல் நீங்கள் வைத்திருக்கும் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதனால்தான் மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் புத்தகங்களில் பல, அந்தப் பிள்ளை எழுதப் போகும் தேர்வுக்கு உதவாதவை. உதவாவிட்டால் அலமாரியில் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நம் பிள்ளைகள் அப்படி விடுவதில்லை. பெரியவர்கள் கொடுத்ததாயிற்றே என்று உட்கார்ந்து படிக்கிறார்கள், மாதக்கணக்கில்.

ஒரு விழாவில் கிடைத்த கட்டை ஒரு மாணவி அப்படியே என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், இதுல எதை முதல்ல படிக்கணும்?" என்று கேட்டாள். பிரித்துப் பார்த்தேன். பிமேட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நூல் ஒன்று இருந்தது. அந்தத் தேர்வே 2023-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும்கூட யூகேட் என்ற இன்னொரு நுழைவுத் தேர்வுக்கு மாறிவிட்டன. அடுத்தது ஒரு யூகேட் நூல். அதில் கால்வாசிப் பக்கங்கள் வடிவங்களைப் பார்த்துத் தொடர்பு கண்டுபிடிக்கும் பகுதிக்கானவை. அந்தப் பகுதி 2025 முதல் தேர்வில் இல்லை. சென்னையிலிருந்து வந்த நீட் வினா வங்கி இரண்டு பாகம். அவள் எழுதி முடித்து ஏ பிளஸும் வாங்கிவிட்ட எஸ்.பி.எம். உயிரியலுக்கு ஒரு வழிகாட்டி. அப்புறம் ஒரு சோலான் ராமலான் (ஊகக் கேள்விகள்) தொகுப்பு. அந்தப் பெண் புக்கிட் மெர்தாஜாமில் ஆறாம் படிவம் சேரப் போகிறவள். அவள் எழுதப் போவது ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். அதற்கென்று அந்தக் கட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. "டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு நல்ல புத்தகம் எடுத்துக் கொடுங்கள்" என்று கடையில் கேட்டால், கடைக்காரர் 'மெடிக்கல்' என்று அட்டையில் போட்டிருப்பதை எல்லாம் எடுத்துக் கொடுப்பார். எந்தத் தேர்வுக்கு என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து நம் கல்விப் பிரிவுகள் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்பதுதான். நீ எந்த வழியாகப் போகப் போகிறாய்?

மலேசியாவில் எல்லாருக்கும் பொதுவான மருத்துவ நுழைவுத் தேர்வு என்று ஒன்று கிடையாது. பெற்றோரில் பலருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் நீட், நீட் என்று கேட்டுக் கேட்டு, இங்கேயும் அதுபோல் கடைசியில் ஒரு பெரிய தேர்வு இருக்கும், அதற்குத் தனியாகத் தயாராகலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை எஸ்.டி.பி.எம்., அரசின் மெட்ரிகுலேஷன் கல்லூரிப் படிப்பு, பல்கலைக்கழகங்களின் அடிப்படைப் படிப்பான அசாசி ஆகியவற்றின் முடிவுதான் நுழைவுத் தேர்வு. யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம். அதற்குமேல் மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வு. ஆக, ஆறாம் படிவத்தின் முதல் நாளே மருத்துவ நுழைவுத் தேர்வு தொடங்கிவிடுகிறது. இதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லாததால், மூன்று தவணைப் படிப்பின் முதல் தவணையைப் பழகிக்கொள்ளும் காலமாக எடுத்துக்கொண்டு கோட்டை விடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

எஸ்.டி.பி.எம். பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வசதி குறைந்த நம் பிள்ளைகளுக்கு அதுதான் செலவு குறைந்த வழி. உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

முதலில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று. மருத்துவத்துக்குப் போக விரும்பும் பிள்ளை பெரும்பாலும் நான்கு பாடம் எடுக்கும்: உயிரியல், வேதியியல், இயற்பியல் அல்லது கணிதம், அப்புறம் எல்லாருக்கும் உள்ள பெங்காஜியான் ஆம் என்ற பொதுக் கல்விப் பாடம். நான்கு பாடங்களின் சராசரிதான் இறுதிப் புள்ளி. அதாவது பெங்காஜியான் ஆம் கால் பங்கு. உயிரியலுக்கு என்ன எடையோ அதே எடைதான் அதற்கும். மூன்று அறிவியல் பாடங்களிலும் ஏ வாங்கிவிட்டு பெங்காஜியான் ஆமில் ஏ மைனஸ் வாங்கினால் 4.00 என்பது 3.92 ஆகிவிடும். மருத்துவத்துக்கு 4.00 வைத்திருப்பவர்களே இடம் கிடைக்காமல் நிற்கும் ஊர் இது. இருந்தும் நீங்கள் கொடுக்கும் கட்டுகளில் பெங்காஜியான் ஆம் புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை. அதற்கு டியூஷனும் யாரும் வைப்பதில்லை. மலாய் மொழியில் கருத்தை அடுக்கிக் கட்டுரை எழுதும் பயிற்சி நம் அறிவியல் மாணவர்களுக்கு மிகவும் தேவை. ஒரு நல்ல மலாய் ஆசிரியரை வாரம் ஒருமுறை அழைத்து வந்து கட்டுரைகளைத் திருத்தச் செய்தால், புத்தகங்களுக்குச் செலவிடும் தொகையைவிடக் குறைந்த செலவில் அதைவிடப் பெரிய பலன் கிடைக்கும்.

சரி, எதைப் படிப்பது? தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம், மாதிரித் தாள், கடந்த ஆண்டுத் தாள்கள், தேர்வு அறிக்கை எல்லாவற்றையும் அந்த மன்றமே வெளியிடுகிறது. என் மாணவர்களை முதல் வாரத்திலேயே உயிரியல் பாடத்திட்டத்தை அச்சடித்து எடுத்து வரச் சொல்வேன். ஒவ்வொரு தலைப்பின் கீழும் மாணவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரி வரியாகப் போட்டிருக்கும். 'விவரி' என்றிருக்கிறதா, 'ஒப்பிடு' என்றிருக்கிறதா, 'விளக்கு' என்றிருக்கிறதா என்பது வரை பார்க்க வேண்டும். தடித்த அமெரிக்கப் பாடநூலில் ஒளிச்சேர்க்கைக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கும். நம் பாடத்திட்டம் அதில் எவ்வளவு கேட்கிறது என்பது இந்தச் சில வரிகளைப் பார்த்தால்தான் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆழமாகப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கேட்கப்படாததில் வாரங்களைக் கழித்துவிடுகிறார்கள். அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகு பயன்படலாம். ஆனால் முதலில் போய்ச் சேர வேண்டுமே.

அந்தத் தேர்வு அறிக்கைகள்தான் என் கண்ணுக்குத் தங்கம். போன தேர்வில் எந்தக் கேள்விக்கு மாணவர்கள் எப்படித் தடுமாறினார்கள், விடையில் எது விட்டுப்போனது என்று தேர்வு நடத்துகிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சோலான் ராமலான் எழுதுகிறவர் அடுத்த தாளில் என்ன வரும் என்று ஊகிக்கிறார். அறிக்கை எழுதுகிறவர் போன தாளில் என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்கிறார். எதற்குக் காசு கொடுக்கிறோம், எதை இலவசமாகக் கிடைத்தும் திறக்காமல் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பாடநூல், ஒரு பாடத்துக்கு ஒன்று போதும். பெலாங்கி, சஸ்பாடி, ஆக்ஸ்ஃபோர்டு ஃபஜார் ஆகிய பதிப்பகங்கள் எஸ்.டி.பி.எம். நூல்கள் போட்டிருக்கின்றன. எதை எடுத்தாலும் அது இப்போதைய பாடத்திட்டத்துக்கானதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. 2012-இல் தேர்வு மூன்று தவணை முறைக்கு மாறியது. அதற்கு முந்திய நூல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது பினாங்கில் எல்லாருக்கும் தெரியும். அங்கே போய் வாங்குவது நல்ல பழக்கம், நான் அதை ஆதரிக்கிறேன். எந்தத் தவணைக்கு என்று அட்டையில் போட்டிருக்கிறதா, எந்த ஆண்டுப் பதிப்பு என்று புரட்டிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இரண்டாவது பாடநூல் ஒரே ஒரு காரணத்துக்காகத் தேவைப்படலாம்: முதல் நூலில் ஒரு தலைப்பு எத்தனை முறை படித்தும் புரியவில்லை என்றால். அதற்கு நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக வாங்கத் தேவையில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, ஆறாம் படிவத்தில் ஆங்கிலப் பாடநூல்களைக் கையில் எடுக்கிறார்கள். முதல் தவணையில் அவர்கள் திணறுவது பாதி பாடத்தால், பாதி மொழியால். உயிரியல் வினாத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகி வருகிறது. எந்த மொழியில் விடை எழுதப் போகிறோம் என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிட்டு, பழைய தாள்களை வைத்து இரண்டு மொழிக் கலைச்சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகலாம். இந்தப் பட்டியலைத் தானே தயாரித்த மாணவிக்கு, கடையில் விற்கும் எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

எப்படிப் படிப்பது என்பதில்தான் தன்முனைப்பு முகாம்களின் மேல் எனக்கு மனத்தாங்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிள்ளைகளை உட்கார வைத்து, உன்னால் முடியும் என்று பேசி, கண்ணீர் விட வைத்து அனுப்புகிறார்கள். முடியும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எப்படி என்றுதான் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் அதே பிள்ளை மறுபடியும் மஞ்சள் மார்க்கரை எடுத்து வரிகளைக் கோடிட ஆரம்பிக்கிறது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். சிலரைப் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னால் வந்தார்கள். நம் பிள்ளைகள் ஏமாறும் இடம் அந்த ஐந்து நிமிடம்தான். படித்து முடித்த உடனே எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே.

அதனால் என் வகுப்பில் வெற்றுத்தாள்தான் முக்கியமான படிப்புக் கருவி. புத்தகத்தை மூடிவிட்டு, உயிரணுச் சுவாசப் பாடத்தில் வரும் கிரெப்ஸ் சுழற்சியை முழுவதும் வரையச் சொல்வேன். எந்தப் படியில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, எங்கே ஆற்றல் மூலக்கூறு உண்டாகிறது, எந்த நொதி வேலை செய்கிறது எல்லாம் வர வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடியும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். சிவப்பு குறைந்துகொண்டே வரும். எது இன்னும் சிவப்பாகவே வருகிறதோ, அன்று இரவு படிக்க வேண்டியது அது ஒன்றுதான். கணினி இருக்கும் பிள்ளைகள் அன்கி (Anki) என்ற வினா அட்டைச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது இலவசம். இல்லாதவர்களுக்கு அட்டைகளும் ஷூ டப்பாவும் போதும்.

நேரக் கணக்கும் இப்படித்தான், சொல்லிக் கொடுத்தால்தான் வரும். உயிரியலில் ஒரு தவணைத் தாள் 60 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம். 15 பல்தேர்வுக் கேள்விகள், 15 மதிப்பெண்ணுக்கு அமைப்புக் கேள்விகள், 30 மதிப்பெண்ணுக்கு இரண்டு கட்டுரைகள். அப்படியானால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். ஒரு கட்டுரைக்கு 22 நிமிடம்தான். வீட்டில் சாவகாசமாக ஒரு மணி நேரம் எடுத்து அழகாகக் கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளை, மண்டபத்தில் இரண்டாவது கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வரும். பழைய தாள்களையும் மற்ற மாநிலப் பள்ளிகளின் டிரையல் (முன்னோட்டத் தேர்வு) தாள்களையும் கடிகாரம் வைத்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். டிரையல் தாள்கள் ஃபோட்டோஸ்டேட் கடைகளிலேயே கிடைக்கும். நூறு தாளைச் சேர்த்து வைப்பதைவிட, பத்துத் தாளை நேரத்துக்கு எழுதி, திருத்தி, விட்ட மதிப்பெண் ஏன் போனது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது மேல். கேள்வியைச் சரியாகப் படிக்காததால் போனதா, தெரியாததால் போனதா, தெரிந்தும் முக்கியச் சொல்லை எழுதாததால் போனதா என்று பிரித்து எழுதச் சொல்வேன். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இந்தத் திருத்தம்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் இருப்பது. பல்தேர்வு விடையைத் தானே சரிபார்க்கலாம். 15 மதிப்பெண் கட்டுரையை யார் திருத்துவது? பெற்றோரால் முடியாது. பள்ளி ஆசிரியருக்கு வகுப்பு நிறைய மாணவர்கள். டியூஷனுக்கு மாதாமாதம் கொடுக்க வசதி வேண்டும். நம் சமூகத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மருத்துவக் கல்லூரியில் படிக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை நீங்கள் ஒன்று சேர்த்து, வாரம் ஒரு கட்டுரையைத் திருத்திக் கொடுக்க வைத்தால், எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டராக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இரண்டாம் தவணை பிடிக்கும்: மனித உடல், இதயம், நரம்பு, நோய் எதிர்ப்பு. மூன்றாம் தவணையில் வகைப்பாட்டியல், சூழலியல் என்று வரும்போது ஆர்வம் குறைந்துவிடுகிறது. இரண்டு தாளுக்கும் எடை ஒன்றுதான். திட்டமிட்டுக் கொடுக்கும்போது பிடிக்காத பாடத்துக்கு முதலில் நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். முதல் தவணை சரியாக வரவில்லை என்றால் திரும்ப எழுதி உயர்த்தவும் வழி இருக்கிறது. அது பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், ஒரு பி பிளஸ்ஸைப் பார்த்து இடிந்துபோய் உட்காராது.

மெட்ரிகுலேஷன் கிடைத்த பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கெப்பாலா பத்தாஸோ வேறு கல்லூரியோ, அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். விரிவுரையும் பயிற்சித் தாளும் அங்கேயே கிடைக்கும். ஒரே ஆண்டில் முடிந்துவிடும் என்பதால் வேகம் அதிகம். அவர்களுக்கு வெளியிலிருந்து புத்தகம் கொடுப்பதைவிட, முதல் மாதச் செலவுக்குப் பணம் கொடுப்பது உதவி.

யூகேட்டும் நீட்டும் எழுதப் போகிறவர்கள் குறைவு. ஆனாலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சரியானது போய்ச் சேர வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களில் பல யூகேட் கேட்கின்றன. இது பாடம் கேட்கும் தேர்வே இல்லை. 2025 முதல் வாசித்துப் புரிந்துகொள்ளுதல், முடிவெடுத்தல், எண் கணக்கு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 300 முதல் 900 வரை, மொத்தம் 2700. அவற்றோடு, ஒரு சூழ்நிலையில் டாக்டர் எப்படி நடந்துகொள்வது சரி என்று கேட்கும் பகுதி ஒன்று. அதற்குத் தனியாகத் தரம் போடுவார்கள். வாசிப்புப் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்விகள். ஒரு கேள்விக்கு அரை நிமிடம். இந்த வேகத்தைக் காகிதப் புத்தகத்தில் பழக முடியாது, கணினித் திரையில்தான் பழக வேண்டும். தேர்வை நடத்துகிறவர்களே மாதிரித் தேர்வுகளையும் வினா வங்கியையும் இலவசமாகத் தருகிறார்கள். முதலில் அவற்றை முடிக்கட்டும். அது போதாமல் போனால் பிறகு காசு கொடுத்து வாங்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள் என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறைதான் எழுத முடியும். கட்டணமும் வெளிநாட்டில் எழுதுவோருக்கு 100 பவுண்டுக்கு மேல். ஒரு பிள்ளைக்கு உண்மையில் இந்த வழிதான் என்று தெரிந்தால், புத்தகத்துக்குப் பதில் அந்தக் கட்டணத்தைக் கட்டிக் கொடுங்கள்.

நீட் இதற்கு நேர் எதிர். முழுக்க முழுக்கப் பாடம். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர வெளிநாட்டவரும் அதை எழுதித்தான் ஆக வேண்டும். கோலாலம்பூரிலேயே தேர்வு மையம் வைத்திருக்கிறார்கள். 2025 தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியல் மட்டும் பாதி. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழித்துக்கொள்வார்கள். எஸ்.டி.பி.எம். கட்டுரைக்குப் பழகிய பிள்ளை இதற்கு மாறுவது சுலபம் அல்ல. அடிப்படை நூல் இந்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் 11, 12-ஆம் வகுப்புப் பாடநூல்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்திய வினா வங்கிகளில், இப்போது இல்லாத பாடங்களும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் கொடுத்த அந்த இரண்டு பாகமும் அப்படிப்பட்டவைதான்.

ஒரு முக்கியமான விஷயத்தை இங்கே பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீட் எழுதித் தேறினால் மட்டும் போதாது. எந்த நாட்டில் படித்தாலும், திரும்பி வந்து இங்கே டாக்டராக வேலை செய்ய மலேசிய மருத்துவ மன்றத்தின் விதிகள் இருக்கின்றன. எஸ்.பி.எம்.மிலும் அதற்குப் பிறகான படிப்பிலும் அறிவியல் பாடங்களில் குறைந்தபட்சத் தேர்ச்சியை மன்றம் கேட்கிறது, எஸ்.டி.பி.எம். என்றால் உயிரியலிலும் வேதியியலிலும், இயற்பியல் அல்லது கணிதத்திலும் பி. சேரப் போகும் கல்லூரி 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பிறகு இதைக் கேள்விப்படும் குடும்பங்கள் உண்டு. உங்கள் விழா மேடையில் இந்தத் தகவலைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கினால், அந்த ஐந்து நிமிடம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

நான் என்ன கேட்கிறேன் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. மாலையும் கைதட்டலும் பிள்ளைகளுக்கு வேண்டும். அந்தச் சந்தோஷத்தை நானும் பார்த்திருக்கிறேன். புத்தகக் கட்டை மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் ஒவ்வொரு மண்டபத்திலும் ஓர் அலமாரி வையுங்கள். எஸ்.டி.பி.எம். பாடங்களுக்கு நடப்புப் பதிப்பு நூல்கள், பெங்காஜியான் ஆம் உட்பட; கடந்த ஆண்டுத் தாள்கள்; தேர்வு அறிக்கைகளின் அச்சுப் பிரதி. பிள்ளை கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆசிரியரை வைத்து, காலாவதியானதை எடுத்துவிடுங்கள்.

அந்த மண்டபத்தை இரவில் திறந்தும் வையுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். என் மாணவர்களில் பலர் குறைந்த விலை அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். இரண்டு அறை, ஆறு பேர், ஒரு தொலைக்காட்சி. கடிகாரம் வைத்து ஒன்றரை மணி நேரம் தடையில்லாமல் எழுத அந்த வீட்டில் இடம் கிடையாது. பூசை முடிந்த பிறகு பூட்டிக் கிடக்கும் மண்டபத்தில் மின்விசிறி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் பெற்றோரும் நம்பி அனுப்புவார்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்து.

நேர்முகத் தேர்வு வரும் காலத்தில் பயிற்சிக் காலத்தில் இருக்கும் நம் ஹவுஸ்மன் டாக்டர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டால், "சின்ன வயசிலிருந்து ஆசை" என்பதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அது பொய் இல்லை, ஆனால் எல்லாரும் சொல்லும் பதில். ஒரு நோயாளி சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வாய், கூடப் படிப்பவன் காப்பியடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டு, யோசித்துப் பேசிப் பழக வைக்க வேண்டும். இதற்கு எந்த நூலும் தேவையில்லை. உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

இந்த ஆண்டுப் புத்தகங்களுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், உங்கள் பட்டியலை உங்கள் வட்டாரத்தில் இருக்கும் ஆறாம் படிவ ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். விழாவுக்கு வரும் பிள்ளைகளிடம் எந்த வழியாகப் போகிறார்கள் என்று பெயர்ப் பதிவின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் சேர்த்தால் போதும். செபராங் பிறையில் எந்த அமைப்பு கூப்பிட்டாலும் நான் வருகிறேன், என்னோடு இன்னும் சில ஆசிரியர்களும் வரத் தயாராக இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் எங்களுக்கு நேரம் உண்டு.

அன்புடன்,
ஆறாம் படிவ உயிரியல் ஆசிரியை ஒருவர்,
செபராங் பிறை, பினாங்கு